சிங்க், செலீனியம் மாத்திரை மருந்தடிப்பவரின் ஈரலைக் காக்குமா?

கேள்வி இது: கணவர் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை. பின்னேரங்களில் இராகலைப் பக்கம் குத்தகைக் காணியில் லீக்ஸ், உருளைக்கிழங்குக்கும் அவரே அடிக்கிறார். கிருமிநாசினியால் ஈரலும் கிட்னியும் கெடாமல் சிங்க் காக்கும், எலியில் நிரூபித்துவிட்டார்கள் என்று வட்சப்பில் வந்த செய்தியை நம்பி, தினமும் 50 மில்லிகிராம் மாத்திரை போடத் தொடங்கியிருக்கிறார். இது சரியா, செலீனியமும் சேர்க்கலாமா?

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். மலையகத்தில் பம்பில் அடிப்பதும் மருந்துதான், டிஸ்பென்சரியில் வாங்குவதும் மருந்துதான். குழப்பம் வராமலிருக்க, அடிப்பதைக் கிருமிநாசினி என்றும் விழுங்குவதை மாத்திரை என்றும் சொல்கிறேன். பள்ளிப் புத்தகம் நாகம் என்று எழுதுவதும் இந்த சிங்க்கைத்தான்.

எலிச் சோதனை உண்மையாக நடந்ததுதான். சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 2000-களின் நடுப்பகுதியில், குளோர்பைரிபொஸ் என்ற ஓர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிநாசினியை எலிகளின் உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு 13.5 மில்லிகிராம் வீதம், ஒன்றுவிட்டு ஒருநாள், 8 கிழமை கொடுத்தார்கள். ஒரு பகுதி எலிகளுக்குக் குடிதண்ணீரில் லீற்றருக்கு 227 மில்லிகிராம் சிங்க் கலந்திருந்தது. வெறும் கிருமிநாசினி மட்டும் தின்ற எலிகளின் ஈரலில் கொழுப்பு ஒட்சியேற்றம் கூடியது, கலங்களை அதிலிருந்து காக்கும் குளுட்டாதயோன் குறைந்தது, கலங்களின் அமைப்பு குலைந்தது. சிங்க் குடித்தவற்றில் இந்தச் சேதம் கணிசமாகக் குறைவு. செலீனியம், மக்னீசியம் என்று வேறு கனியுப்புகளை வைத்தும் இதே போக்கில் நிறையச் சோதனைகள் உண்டு.

இனிக் கணக்குப் பார்ப்போம். 200 கிராம் எலி ஒரு நாளில் சுமார் 20 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கும். அதில் 4.5 மில்லிகிராம் சிங்க் போகிறது. கிலோவுக்குக் கிட்டத்தட்ட 23 மில்லிகிராம். எலியின் உடல் மனித உடலைவிட வேகமாக எரிகிறது என்பதால், எலி அளவை மனித அளவாக்க 6.2 ஆல் வகுப்பது வழமை. கிலோவுக்கு 3.7 வரும். 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு 180 மில்லிகிராமுக்கு மேல். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாள் தேவை 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 8. தொடர்ந்து எடுக்கக்கூடிய உச்ச அளவென்று அமெரிக்காவில் வைத்திருப்பது 40, ஐரோப்பாவில் 25. ஆக, எலிக்குக் கிடைத்த பாதுகாப்பை அதே அளவில் மனிதர் வாங்கப்போனால் உச்ச அளவைப்போல் நாலரை மடங்கு விழுங்கவேண்டும்.

கிருமிநாசினிப் பக்கமும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த குழு, குளோர்பைரிபொஸ் உணவு வழியாக நாளாந்தம் உடலுக்குள் போகலாம் என்று 1999-இல் வைத்த எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். எலி ஒவ்வொரு தடவையும் வாங்கியது அதைப்போல் 1,350 மடங்கு. அவ்வளவு பெரிய அடியை ஓரளவு தாங்க வைத்தது என்பதுதான் சோதனையின் செய்தி. வருடக்கணக்கில், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும், கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு விதமான இரசாயனத்தோடு பழகும் ஒரு தொழிலாளிக்கு இதிலிருந்து நேரே பதில் கிடைக்காது. இன்னொன்று: எலிக்குக் கனியுப்பைக் கிருமிநாசினியோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். சேதம் வந்த பிறகு கொடுத்துத் திருப்பி எடுத்த கதை அல்ல அது.

ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே நின்றுவிடும் என்பதும் தெரியும். ஓர்கனோபொஸ்பேற் உடலை இரண்டு வழியில் தாக்குகிறது. ஒன்று, நரம்பு முனையில் அசற்றைல்கோலினெஸ்தரேஸ் என்ற நொதியத்தின் உள்குழியில் போய்ப் பூட்டுப்போட்டு உட்கார்ந்துகொள்கிறது. நரம்புச் செய்தியைத் துடைக்க ஆளில்லாமல் அசற்றைல்கோலின் தேங்குகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் வழிவது, வியர்வை கொட்டுவது, தசை துடிப்பது, கடைசியில் மூச்சுத் தசை ஓய்வது எல்லாம் இதனால்தான். இரண்டாவது வழி ஈரலில். ஈரல் இந்த இரசாயனத்தை உடைக்கும்போது அதைவிட நஞ்சான ஒரு வடிவமும் உண்டாகிறது. கூடவே ஒட்சிசன் மூலிகங்கள் என்ற, அண்டியதைத் தாக்கும் துணிக்கைகள் சிதறி, கலமென்சவ்விலுள்ள கொழுப்பைப் பொசுக்குகின்றன. ஈரல், சிறுநீரகம், இதயம் என்று உறுப்புச் சேதம் பற்றிப் பேசும் சோதனைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைத்தான் அளக்கின்றன.

கனியுப்புக்கு வேலை இங்கே. மூலிகத்தை முதலில் பிடிக்கும் சுப்பரொட்சைட்டு டிசுமுற்றேஸ் என்ற நொதியத்துக்குள் செம்பும் சிங்க்கும் இருக்கின்றன. அது பிடித்து ஐதரசன் பேரொட்சைட்டாக்கிக் கொடுத்ததைத் தண்ணீராக்குவது குளுட்டாதயோன் பேரொட்சிடேஸ். அதன் நடுவில் செலீனியம். சிங்க் போதியளவு இருந்தால் மெற்றலோதையோனின் என்ற புரதமும் ஈரலில் கூடும், அதுவும் மூலிகங்களை உறிஞ்சும். ஆனால் முதலாவது வழியில், நரம்பு நொதியத்தில் விழுந்த பூட்டை இவை திறப்பதில்லை. ஆளைக் கொல்வது அந்த முதலாவது வழி. அதனால் மாத்திரை போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் கையுறையைக் கழற்றுகிறவர், உயிர்போகும் பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றப் பக்கத்துக்குக் காவல் போடுகிறார்.

நொதியத்துக்கு ஒரு கொள்ளளவும் உண்டு. குருதிச் சீரத்தில் செலீனியம் லீற்றருக்கு 80 முதல் 95 மைக்ரோகிராம் வந்ததும் குளுட்டாதயோன் பேரொட்சிடேஸ் தன் முழு வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் நொதியம் வேகமெடுக்காது, மிச்சம் நஞ்சுப் பக்கம்தான் சேரும். குறை இருக்கும்போது செலீனியம் காக்கும் என்பதை அழகாகக் காட்டிய சோதனை 1980-இல் வெளியானது. பரகுவாட், டைகுவாட் என்ற களைநாசினிகளைச் செலீனியக் குறைபாடுள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் செத்துப்போனது. முன்கூட்டியே செலீனியம் ஏற்றியபோது அந்தச் சேதம் தடுக்கப்பட்டது. என் பார்வையில் இந்தத் துறையில் மிகப் பயனுள்ள செய்தி இதுதான்: குறை இருந்தால் நிரப்பு, நிரம்பிய பானையில் மேலும் ஊற்றாதே. வட்சப் செய்திகள் இரண்டாவது பாதியை எப்போதும் வெட்டிவிடுகின்றன.

மனிதரில் கூடுதலாக ஊற்றிப் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 35,000 ஆண்களை வைத்துப் புற்றுநோய்த் தடுப்புக்காக நடந்த பெரிய பரிசோதனையில் செலீனியம் நாளுக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். பயனில்லை என்று 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். அதற்கு முந்திய இன்னொரு பரிசோதனையில், செலீனியம் எடுத்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு அதிகம் வந்திருந்தது. லயத்திலும் வீட்டுக்கு வீடு சீனி வருத்தம் புகுந்திருக்கும் காலத்தில் இதை லேசாக எடுக்கக்கூடாது. செலீனியத்தின் ஒரு நாள் தேவை 55 மைக்ரோகிராம், உச்சம் 400. ஐரோப்பியக் கணக்கில் உச்சம் 255. இடைவெளி அவ்வளவுதான். கூடினால் முடி கொட்டும், நகம் வெடித்து உதிரும், மூச்சில் வெள்ளைப்பூடு வாசம் வரும். ஆகவே செலீனியத்தைத் தனி மாத்திரையாகச் சேர்க்கவேண்டாம்.

இப்போது அவர் கையிலிருக்கும் 50 மில்லிகிராம் மாத்திரை. லேபிளில் எதன் 50 என்று பாருங்கள். சிங்க் சல்பேற் 220 மில்லிகிராம் என்றிருந்தால் உள்ளே தனிச் சிங்க் 50. சிங்க் சல்பேற்றே 50 மில்லிகிராம் என்றால் உள்ளே 11 மட்டும், அது ஒரு நாள் தேவைக்குச் சமன். தனிச் சிங்க் 50 என்றால் உச்ச அளவைத் தினமும் தாண்டுகிறார். ஒன்றிரண்டு கிழமையில் ஆபத்தில்லை, வயிற்றைப் பிரட்டும், வாயில் உலோகச் சுவை வரும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிக்கல் வேறு. சிங்க் கூடினால் குடல்சுவர் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குள் விடாது. செம்பு குறைந்தால் குருதிச்சோகை, வெண்குருதிக் கலக் குறைவு, அதோடு பாதம் மரத்து நடை தள்ளாடுதல். பாதம் மரத்தால் எல்லாரும் கிருமிநாசினி நரம்பில் ஏறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதற்குப் பரிகாரம் என்று இன்னும் ஒரு மாத்திரை கூட்டுவார்கள். வைத்தியரிடம் போகும்போது இந்த மாத்திரைப் பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டவேண்டியது இதனால்தான்.

தோட்ட ஸ்டோரில் மூட்டையாகக் கிடக்கும் சிங்க் சல்பேற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேயிலைக்கு இலைவழி உரமாக அதை அடிப்பது நம் மலைகளில் வழமை. பெயர் ஒன்றென்பதால் துளி எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உரத்தரச் சரக்கில் ஈயமும் கட்மியமும் கலந்திருக்கலாம். இரண்டுமே சிறுநீரகத்தைக் கெடுப்பவை. அதேபோல் உருளைக்கிழங்குக் கருகலுக்கு அடிக்கும் மன்கோசெப்பில் சிங்க் இருப்பது உண்மை, அதனால் அது சத்தாகிவிடாது.

குறை இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. லயத்துச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மலையில் பகலுக்கும் அதே ரொட்டி, இரவில் சோறும் ஒரு கறியும், இடையிடையே பிளேன்டீ. வெள்ளைக் கோதுமை மாவில் தவிட்டோடு சிங்க்கின் பெரும்பகுதி போய்விடுகிறது. 100 கிராமில் சுமார் 0.7 மில்லிகிராம்தான் மிச்சம், தவிடு நீக்காத மாவில் 2.5-க்கு மேல் இருக்கும். செலீனியம் இன்னும் விசித்திரமானது. பயிர் அதைத் தானாக உண்டாக்குவதில்லை, மண்ணில் இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் இல்லை. நம் கோதுமை கப்பலில் வருவது, ஆகவே எந்த நாட்டு மண்ணோ அந்த நாட்டுச் செலீனியம். மழை கழுவிய ஈரவலய மண்ணில் விளையும் கறியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நாட்டின் மறுபக்கத்தில், உலர்வலயத்தில், காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், நோயாளரில் 63 சதவீதமானோரின் சீரச் செலீனியம் லீற்றருக்கு 90 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தது. இதைக் காட்டி மாத்திரை விற்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானாலும் செலீனியம் குறையும். எது முந்தி என்று அந்த எண் சொல்லாது. அந்த நோயின் இடமும் வடமத்திய மாகாணம், நுவரெலியா அல்ல.

சாப்பாட்டால் நிரப்புவதற்குப் பெரிய செலவில்லை. ஒரு முட்டையில் செலீனியம் சுமார் 15 மைக்ரோகிராம். மூன்று முட்டை 45. ரின் மீனில் ஒரு வீட்டுக்கறி வைத்தால் ஒரு பங்குக்கே 30-க்கு மேல் கிடைக்கும். இரண்டு முட்டையும் மீன்கறியும் உள்ள நாள் செலீனியக் கணக்கு முடிந்தது. சிங்க்குக்கு ஒரு கோப்பை அவித்த பருப்பில் சுமார் 2.5 மில்லிகிராம், ஒரு கோப்பை அவித்த கொண்டைக் கடலையிலும் அதேயளவு, முட்டையில் 0.6. மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கு 85 கிராமிலேயே 4-க்கு மேல். நெத்தலிக் கருவாட்டைத் தலையும் முள்ளுமாகச் சாப்பிடுவது இன்னும் நல்லது. தலையைக் கிள்ளி எறியும் பழக்கத்தை விட்டால் போதும்.

பருப்பு, பயறு வகைகளில் பைற்றிக் அமிலம் சிங்க்கைக் கட்டிப்போடும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவியுங்கள். பயறென்றால் ஊறிய பிறகு ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள் முளைக்கவிட்டால் கட்டு நன்றாகத் தளரும். நுவரெலியாக் குளிரில் ஒன்றரை நாளில் முளை வராது, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். பாண் புளித்த மாவில் செய்வதால் அதிலும் கட்டு குறைவு, ரொட்டியில் அந்த வசதி இல்லை. ரொட்டிக்குள் ஒரு முட்டையை உடைத்துப் பிசைந்துவிடுங்கள், மலைக்குக் கட்டிக்கொண்டுபோகும் பகல் சாப்பாட்டில் அதைவிட எளிய மாற்றம் கிடையாது.

முட்டையை நான் இத்தனை தடவை சொல்வதற்கு இன்னொரு காரணம் புரதம். செலீனிய நொதியம் வேலை செய்ய அதன் கையில் குளுட்டாதயோன் இருக்கவேண்டும். அது மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. புரதம் குறைந்த உடலில் குளுட்டாதயோனும் குறைவு, அப்போது செலீனியம் இருந்தும் வெறும் துவக்கு, தோட்டா இல்லை.

சாப்பிட்டவுடன் பிளேன்டீ குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தேயிலைத் தனின் இரும்பைக் கட்டும். குருதிச்சோகை இருக்கும் வீட்டில், முக்கியமாக நீங்களும் பெண்பிள்ளைகளும், இதைக் கவனிக்கவேண்டும். கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையையும் சிங்க் மாத்திரையையும் வெறும்வயிற்றில் ஒன்றாக விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும்.

அடுத்தது, அவர் உண்மையில் எதை அடிக்கிறார் என்பது. தேயிலை மலையில் களைக்கு அடிப்பதும், கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்புச் சரக்கும், லீக்ஸ் பாத்தியில் பூச்சிக்கு அடிப்பதும், கிழங்குக்கு அடிக்கும் பங்கசுநாசினியும் வேறு வேறு குணம். 2015-இல் நாடு முழுக்கத் தடைபட்டு 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப விடப்பட்ட கிளைபோசேற்றின் பெயருக்குள்ளும் பொஸ்பரசு ஒளிந்திருக்கிறது, ஆனால் அது ஓர்கனோபொஸ்பேற் பூச்சிநாசினிகளைப்போல் நரம்பு நொதியத்தைப் பூட்டும் வகையல்ல. மன்கோசெப் உடலில் உடைந்து எதிலீன் தயோயூரியா என்ற பொருளாகி, தைரொயிட்டு ஓமோன் செய்யும் நொதியத்தைத் தடுக்கும். அங்கே கேட்கும் கனியுப்பு சிங்க் அல்ல, அயடீன். அந்த ஓமோனைச் செயல்படு வடிவமாக்கும் நொதியத்துக்குச் செலீனியமும் தேவை. 1995 முதல் நம் நாட்டில் உப்புக்கு அயடீன் கட்டாயம். ஆனால் உப்பை அடுப்போரத்தில் மூடியில்லாத சிரட்டையில் வைத்தால் சூடும் ஈரமும் சேர்ந்து அயடீனைக் கொண்டுபோய்விடும். மூடியுள்ள போத்தலில், அடுப்பைவிட்டுத் தள்ளி வையுங்கள். கறி இறக்கும்போது போடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உடலுக்குள் வந்துவிட்ட நஞ்சோடு மல்லுக்கட்டுவது பற்றி. வராமல் செய்வதில் கிடைக்கும் இலாபம் இதைவிடப் பல மடங்கு பெரிது, அதை இரண்டு கணக்கில் காட்டலாம்.

ஒன்று, கலக்கும் இடம். ஈ.சீ. என்று லேபிளில் போட்டிருக்கும், தண்ணீரில் கலக்கும் 50 சதவீதத் திரவச் சரக்கொன்றை லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் வீதம் 16 லீற்றர் டேங்கிக்குக் கலக்கிறார் என்று வையுங்கள். 32 மில்லிலீற்றரில் 16 கிராம் நஞ்சு. கலந்த பிறகு ஒரு மில்லிலீற்றர் கரைசலில் 1 மில்லிகிராம். கலக்குமுன் போத்தலில் ஒரு மில்லிலீற்றரில் 500 மில்லிகிராம். மூடியில் அளக்கும்போது விரலில் வழிந்த ஒரேயொரு மில்லிலீற்றர், கலந்த கரைசலில் அரை லீற்றர் மேலே ஊற்றியதற்குச் சமன். நாள் முழுக்க அடிப்பதற்குக் கையுறை வேண்டாம் என்று அடம்பிடித்தாலும், கலக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காவது நைற்றைல் கையுறை கட்டாயம். துணிக் கையுறை போடுவது வெறுங்கையைவிடக் கேடு, ஊறிப்போய்த் தோலோடு ஒட்டி வைத்திருக்கும்.

இரண்டாவது, ஒழுகும் டேங்கி. பாரத்தியன் என்ற ஓர்கனோபொஸ்பேற்றை மனிதத் தோலின் பல இடங்களில் பூசி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்னங்கையில் சுமார் 9 சதவீதம், உள்ளங்கையில் 12, நெற்றியில் 36. விதைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும். இப்போது நெப்செக் டேங்கி எங்கே ஒழுகுகிறது என்று யோசியுங்கள். மூடியின் வோசர் காய்ந்து வெடித்திருக்கும், சரிவில் குனிந்ததும் கரைசல் சிந்தி முதுகில் இறங்கும், முதுகெலும்பு வழியே காற்சட்டை நாடாவில் தேங்கும், அங்கிருந்து தொடையிடுக்குக்கு. தோல் மிக இலேசாகக் குடிக்கும் இடத்தில் ஈரத்துணி மணிக்கணக்காக ஒட்டிக்கிடக்கிறது. இதற்கு எந்தக் கனியுப்பும் ஈடு செய்யாது, ஒரு வோசர் செய்யும். அடிக்கப்போகுமுன் டேங்கியில் வெறும் தண்ணீர் நிரப்பி, முதுகில் போட்டு, நாலு தடவை குனிந்து நிமிர்ந்து, சட்டையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் மூட்டு, கைப்பிடி வால்வு, நொசில் கழுத்து இந்த மூன்றிலும் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். முதுகுக்கும் டேங்கிக்கும் நடுவில் சுத்தமான பொலித்தீன் விரிப்பு ஒன்று. பழைய கிருமிநாசினிப் பை அதற்கு உதவாது.

நொசில் அடைத்தால் வாயால் ஊதுவது பலருக்குப் பழக்கம். ஈர்க்கால் குத்தித் தண்ணீரில் அலசினால் போதும். வெற்றிலைதான் இன்னும் மோசம். பாக்கும் சுண்ணாம்பும் சட்டைப் பையில், கையில் கரைசல், மணிக்கொரு தடவை விரலால் வாய்க்குள் சுண்ணாம்பு. தோல் 12 சதவீதம் எடுத்த இடத்தில் வாய் அதைவிடத் தாராளமாக எடுக்கும். அடிக்கும் நாளில் வெற்றிலைப் பொட்டலம் வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் பங்கு துணி. அவர் திரும்பியதும் உடுப்பை வாசலுக்கு வெளியே கழற்றி, தனி வாளியில் போட்டு, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கவேண்டும். நீங்கள் துவைக்கும்போது கையுறை போட்டு, தண்ணீரில் ஒருமுறை அலசி ஊற்றிவிட்டு, சவர்க்காரத்தில் இரண்டு தடவை. வீட்டு உடுப்போடு கலக்கக்கூடாது. பீலிக்கரையில், மற்றவர்கள் குடத்தில் பிடிக்கும் இடத்தில், துவைக்கவும் கூடாது.

பரிசோதனைக்குக் கேட்டால், ஓர்கனோபொஸ்பேற் அடிப்பவர்களுக்குக் கோலினெஸ்தரேஸ் குருதிச் சோதனை பயனுள்ளது, ஆனால் ஒரே ஒரு எண்ணால் பயனில்லை. ஆளுக்கு ஆள் இயல்பு அளவு வேறு. அடிக்கும் பருவம் தொடங்குமுன், குறைந்தது ஒரு மாதம் கிருமிநாசினியைத் தொடாமலிருக்கும்போது, ஒருமுறை எடுத்து அதை அவருடைய அடிப்படை எண்ணாக வைத்துக்கொள்ளவேண்டும். கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது: செங்குருதிக் கலத்திலுள்ள கோலினெஸ்தரேஸ், அந்த அடிப்படை எண்ணில் 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஆளை அந்த வேலையிலிருந்து எடுக்கவேண்டும், 80 சதவீதத்துக்குத் திரும்பிய பிறகே சேர்க்கலாம். களைநாசினியும் மன்கோசெப்பும் மட்டும் அடிப்பவருக்கு இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

ஈரல் நொதியங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் இரண்டும் வருடத்துக்கொருமுறை பார்ப்பது நல்லதுதான். ஈரல் எண் கூடியிருந்தால் உடனே கிருமிநாசினி மேல் பழி போடவேண்டாம். சாராயம், கசிப்பு, கொழுப்பு ஈரல், மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் எல்லாம் அதே எண்ணைத்தான் கூட்டும். குடிப்பவராயிருந்தால் அதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் முழு விசாரணையும் வழி தவறிப்போகும்.

இலங்கையில் கிருமிநாசினிச் சாவு குறைந்ததும் சத்து மாத்திரையால் அல்ல. உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தானவை என்று முதல் வகுப்பில் வைத்தவற்றை 1995-உடனும், எண்டோசல்பானை 1998-இலும் நிறுத்தினார்கள். டைமெதோயேற், பென்தியன், பரகுவாட் மூன்றும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. பழைய சரக்கு இன்னும் மூலையில் கிடந்தால் தொடவேண்டாம். லேபிளில் இலங்கைப் பதிவு எண் இல்லாத போத்தலை, என்ன விலை குறைவானாலும், வாங்கவேண்டாம்.

மாத்திரைக்கு வருகிறேன். தனிச் சிங்க் 50 என்றால் இன்றோடு நிறுத்தலாம், சட்டென்று நிறுத்துவதால் தீங்கில்லை. மூன்று மாதத்துக்கு மேல் போட்டிருந்தால், அல்லது பாதம் மரப்பு, களைப்பு இருந்தால், வைத்தியரிடம் சொல்லி முழுக் குருதிக் கல எண்ணிக்கையும் செம்பு அளவும் பார்க்கச் சொல்லுங்கள். முட்டையும் மீனும் உண்மையிலேயே கிடைக்காத மாதங்களில், சிங்க் 10 முதல் 15 மில்லிகிராமும் செலீனியம் 50 மைக்ரோகிராமுக்குள்ளும் செம்பும் சேர்ந்த சாதாரண பல்சத்து மாத்திரை ஒன்று போதும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்துக்குத் தந்த 20 மில்லிகிராம் சிங்க் மாத்திரை 10 முதல் 14 நாளுக்கானது. மிச்சமிருப்பதை அவர் எடுத்துப் போடக்கூடாது.

அடித்துவிட்டு வந்த நாளில் கண் மங்குதல், வாயில் எச்சில் ஊறுதல், அளவில்லாத வியர்வை, வயிற்றுப் பிசைவு, தசைத் துடிப்பு இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் மாத்திரை, இளநீர், முட்டை வெள்ளை, வாந்தியெடுக்க உப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். காத்திருக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கப்போவது அத்ரோபின் என்ற நஞ்சுமுறி, எவ்வளவு, எத்தனை தடவை என்பதை வைத்தியர் ஆளின் நிலை பார்த்துத் தீர்மானிப்பார். அவருக்கு உடனே தேவைப்படுவது எந்தச் சரக்கு என்ற விபரம். ஆகவே லேபிளோடு போத்தலையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கூடவே அனுப்புங்கள். லேபிளைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கிழித்து, போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.